சேற்றுக்குள் ஷீட் பைல்: வாசகர் கேள்வி – பதில்

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் கண்மாய், வாய்க்கால், ஓடை ஓரங்களில் மனை வைத்திருப்பவர்களும் அங்கே வேலை எடுத்துச் செய்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒன்றோடொன்று கொக்கி போட்டு மாட்டிக்கொள்ளும் மடிப்பு இரும்புத் தகடுகளை வரிசையாகத் தரைக்குள் இறக்கிக் கட்டும் தடுப்புச் சுவரைத்தான் களத்தில் ஷீட் பைல் என்கிறார்கள்.

கேள்வி: எங்கள் மனையின் பின்பக்கம் கண்மாய். கரை சரிந்து சரிந்து வீட்டுச் சுவருக்கு 6 மீட்டர் வரை வந்துவிட்டது. மேட்டுக்கும் கண்மாய்த் தரைக்கும் 3 மீட்டர் வித்தியாசம். 6 மீட்டர் நீள ஷீட் பைல் வாங்கி, பாதி உள்ளே பாதி வெளியே அடித்தால் போதும் என்கிறார் ஒப்பந்தக்காரர். சரிதானா? – வாசகர், மாடக்குளம்

பதில்: அது வாய்க்கணக்கு. கெட்டியான மண்ணில் பலித்துவிடும், கண்மாய்க் களிமண்ணான கரம்பையில் பலிக்காது.

மேலே பிடிமானம் இல்லாமல் நிற்கும் ஷீட் பைல், தரைக்குள் இருக்கும் பாகத்தின் பலத்தில்தான் நிற்கிறது. முன்பக்க மண் அதை எவ்வளவு எதிர்த்துத் தாங்கும் என்பதே கேள்வி. மணலாக இருந்தால் தோராயமாகச் சொல்லலாம்: நன்றாக இறுகிய மணலில் சுவர் உயரத்தின் முக்கால் பங்கு உள்ளே போக வேண்டும், தளர்ந்த மணலில் ஒன்றரைப் பங்கு, மிகத் தளர்ந்ததில் இரண்டு பங்கு. உங்கள் 3 மீட்டர் சுவருக்குத் தளர்ந்த மணலில் உள்ளே மட்டுமே 4.5 மீட்டர் வேண்டும். இது முதல் மதிப்பீட்டுக்கு மட்டும். வடிவமைக்கும்போது, கணக்கில் வரும் ஆழத்தின் மேல் இன்னும் 20 முதல் 40 சதவீதம் சேர்ப்பார்கள்.

களிமண்ணில் கதை வேறு. களியின் வெட்டுவலிமையை, அதாவது சறுக்கிப் பிரியாமல் தாங்கும் பலத்தை, நான்கால் பெருக்குங்கள். மேட்டு மண்ணின் எடை, அதாவது கன மீட்டர் எடையைச் சுவர் உயரத்தால் பெருக்கியது, அதைவிடக் குறைவாக இருந்தால்தான் சுவர் நிற்க வழி உண்டு. ஈரக் கரம்பையின் வலிமை சதுர மீட்டருக்கு 1.2 டன் என்று வைப்போம். நான்கு மடங்கு 4.8. மேட்டு மண் கன மீட்டருக்கு 1.7 டன் என்றால் 3 மீட்டருக்கு 5.1. கணக்கு கழித்தலில் முடிகிறது. அந்தக் களி கீழே 20 மீட்டர் இருந்தாலும், 20 மீட்டர் பைலை இறக்கினாலும் அந்தச் சுவர் நிற்காது. மேலே கம்பி போட்டு இழுத்துக் கட்டினாலும் அடிப்பாகம் முன்னால் நழுவும். பைலின் நுனி கீழே உள்ள கெட்டி அடுக்கைப் பிடித்தாக வேண்டும். அல்லது மேட்டைச் சீவிச் சுவர் உயரத்தைக் குறைக்க வேண்டும். அல்லது சுவருக்கு முன்னால் கல் கொட்டி எதிர்ப்பாரம் வைக்க வேண்டும். மேலே வண்டி நிற்கும் என்றால் சதுர மீட்டருக்கு 1 டன் கூடுதலாகக் கணக்கில் வையுங்கள். மேலே சொன்ன கழித்தல் இன்னும் மோசமாகும்.

ஆகவே இரும்பு வாங்குவதற்கு முன் போர் போட்டு மண் பாருங்கள். 30 மீட்டர் நீளச் சுவருக்கு இரண்டு, மூன்று துளை போதும். மேட்டில் மட்டும் போடாமல், கண்மாய் வற்றியிருக்கும்போது உள்பக்கத் தரையிலும் ஒன்று போடச் சொல்லுங்கள். சுவரைத் தாங்கப்போவது அந்த மண்தான். பைல் நுனி வரும் இடத்துக்குக் கீழே 2 மீட்டராவது துளை போக வேண்டும். ஒவ்வொரு 1.5 மீட்டருக்கும் எஸ்பிடி எடுப்பார்கள்; குழாயை மண்ணுக்குள் இறக்க எத்தனை அடி தேவைப்படுகிறது என்று எண்ணும் சோதனை அது. சேற்றுக் களியில் எஸ்பிடி எண் 0, 1, 2 என்று வரும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அங்கே இறக்கைத் தகட்டை மண்ணுக்குள் செருகித் திருகிப் பார்க்கும் வேன் ஷியர் சோதனை செய்தால்தான் வலிமை எண்ணாகக் கிடைக்கும். மண் பரிசோதனைக் கூடத்தில் இதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள்.

இதற்கெல்லாம் முன்னால், சுவர் வரும் கோடு உங்கள் பட்டாவுக்குள் இருக்கிறதா என்று எஃப்எம்பி என்ற நில அளவை வரைபடத்தை வைத்து சர்வேயரைக் கொண்டு அளந்துவிடுங்கள். கண்மாய்ப் புறம்போக்கில் ஓரடி போனாலும் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தின் கீழ் வரும். கரையைத் தொடுவதற்கு நீர்வளத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். சரிந்துபோன இடம் முன்பு உங்களுடையதாகவே இருந்திருந்தாலும் அளக்காமல் தொடாதீர்கள்.

கேள்வி: 2 மீட்டர் இறங்கியதும் பைல் நகர மறுக்கிறது. அதிர்வில் பைலை இறக்கும் வைப்ரோ இயந்திரத்தில் இன்னும் பெரியதைக் கொண்டுவந்தால் இறங்குமா? – வாசகர், அலங்காநல்லூர்

பதில்: இறங்காது, நுனி சுருளும். மதுரைப் பக்கம் பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் பாறைதான் அடித்தளம். கண்மாயில் மேலே கரம்பை, அடியில் சுண்ணாம்புக் கட்டியான சுக்கான், அதற்கும் கீழே சிதைந்த பாறை என்று பல இடங்களில் சில மீட்டருக்குள்ளேயே வந்துவிடும். ஷீட் பைல் என்பது கடலோர டெல்டா மண்ணுக்குப் பிறந்த பொருள்; நம் ஊரில் அதற்கு ஆழம் கிடைக்கும் இடங்கள் குறைவு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது.

வைப்ரோவில் நிமிடத்துக்கு அரை மீட்டருக்கும் கீழே வேகம் குறைந்தால் நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து ஆட்டினால் மூட்டு சூடேறும், புகையும். அந்தச் சூட்டில் இரண்டு பைல்கள் ஒட்டிக்கொள்வதும் உண்டு. ஒரு பைல் மட்டும் நின்றால் அடியில் தனிக் கல்லாக இருக்கலாம். பக்கத்துப் பைல்களை இறக்கிவிட்டு அதை மறுபடி முயலுங்கள். வரிசையாக எல்லாமே ஒரே மட்டத்தில் நின்றால் அது பாறைதான்.

அப்போது மூன்று வழிகள். சிதைந்த பாறை மென்மையாக இருந்தால், பைல் கோட்டிலேயே முன்கூட்டித் துளை போட்டுத் தளர்த்திவிட்டு இறக்கலாம். பாறை கெட்டியாக இருந்தால் ஷீட் பைலை விட்டுவிட்டு, 300 மி.மீ. துளையைப் பாறைக்குள் 1 முதல் 1.5 மீட்டர் வரை போட்டு, ஐ-பீம் நிறுத்திக் கான்கிரீட் ஊற்றி, பீம்களின் இடையில் கான்கிரீட் பலகைகளைச் செருகலாம். இடம் தாராளமாக இருந்தால் கம்பிக்கூடைக் கல் சுவர்தான் எங்கள் சிபாரிசு. சேற்றை முழுவதும் அள்ளிக் கெட்டித் தரையில் வைக்க வேண்டும். அடி அகலம் உயரத்தில் பாதிக்கு மேல், 0.7 பங்கு வரை. கூடையின் கண் 80க்கு 100 மி.மீ. என்றால் கல் 100 முதல் 200 மி.மீ. இருக்கட்டும். உடைகல் நம் ஊரில் எளிதாகக் கிடைப்பதால் கணக்குப் பார்த்தாலும் கட்டுப்படியாகும்.

செய்யக்கூடாதது ஒன்று: பாறைமேல் மொட்டையாக நிற்கும் பைலின் தலையை மட்டத்துக்கு வெட்டிவிட்டு, மேலே கான்கிரீட் பெல்ட் போட்டு மூடுவது. வெளியிலிருந்து பார்த்தால் வேலை முடிந்த மாதிரி இருக்கும். உள்ளே பிடிமானம் இல்லை.

கேள்வி: சுவர் அடித்து மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் நின்றபோது ஒன்றும் ஆகவில்லை. மடை திறந்து கண்மாய் வற்றியதும் சுவரின் தலை ஒரு சாண் வெளியே சாய்ந்துவிட்டது. தண்ணீர் போன பிறகு பாரம் குறையத்தானே வேண்டும்? – வாசகர், மேலூர்

பதில்: முன்னால் இருந்த தண்ணீர் சுவரைத் தாங்கிக்கொண்டிருந்தது. அது போய்விட்டது, பின்னால் மண்ணுக்குள் ஊறிய தண்ணீர் போகவில்லை. தண்ணீரோரச் சுவர்கள் சாயும் பருவமே இதுதான்.

எண்களில் பாருங்கள். 3 மீட்டர் உயரம், பின்னால் நல்ல சரளை நிரப்பு. அது ஈரமில்லாமல் இருந்தால் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 2.7 டன் தள்ளும். அதே நிரப்பு மேல்மட்டம் வரை ஊறி, முன்னால் தண்ணீர் இல்லை என்றால், தண்ணீர் மட்டும் 4.5 டன், நீரில் மூழ்கியதால் எடை குறைந்த மண் 1.35 டன்; மொத்தம் 5.85. இரண்டு மடங்குக்கும் மேல். ஈரமில்லாத மண்ணை மட்டும் வைத்துப் பைல் தேர்ந்தெடுத்திருந்தால் சாயாமல் வேறென்ன செய்யும்? அதோடு முன்பக்கத் தரை சேறாக ஊறிக் கிடக்கும்போது அதன் எதிர்ப்பும் குறைவு. நிரப்பியது கரிசலாக இருந்தால் அது உப்பித் தள்ளுவதும் சேர்ந்துகொள்ளும்.

முதல் வேலை பாரத்தை இறக்குவது. சுவருக்குப் பின்னால் 2 மீட்டர் அகலத்துக்கு நிரப்பு மண்ணை மெல்ல அள்ளுங்கள். அள்ளும் ஹிட்டாச்சி சுவரோரமாக நிற்கக் கூடாது. மேட்டில் தள்ளி நின்று கை நீட்டி அள்ளட்டும். சாய்ந்த தலையைக் கயிறு கட்டி இழுத்து நேராக்க முயலாதீர்கள். மூட்டுகள் பிரியும், அடிப்பாகம் நகர்ந்திருந்தால் நேராகவும் ஆகாது.

பிறகு வடிகால். கண்மாய் வற்றும் மட்டத்துக்குச் சற்று மேலே, 1.5 முதல் 2 மீட்டருக்கு ஒன்றாக 50 மி.மீ. துளைகள். தரைமட்டத்துக்குக் கீழே துளை கூடாது. பிடிமானமில்லாத சுவரில் வளைவு உச்சமாக வருவது அங்கேதான். மூட்டின் மேலும் துளை போடாதீர்கள். ஒவ்வொரு துளைக்கும் பின்னால் ஜியோடெக்ஸ்டைல் துணி, அதற்குப் பின்னால் 20 மி.மீ. ஜல்லி ஓரடி கனத்துக்கு. துணி இல்லாமல் ஜல்லி மட்டும் போட்டால் ஒரே மழையில் களி வந்து அடைத்துவிடும், அல்லது நிரப்பு மண் துளை வழியாக ஓடி மேலே பள்ளம் விழும். கரிசலைத் திரும்பப் போடவே வேண்டாம். சரளை அல்லது கிரஷர் தூசி கலந்த ஜல்லியை 200 முதல் 300 மி.மீ. அடுக்காகப் போட்டு, சுவரிலிருந்து 1 மீட்டருக்குள் கைத்திமிசு அல்லது சின்ன பிளேட் காம்பாக்டர் மட்டும் பயன்படுத்துங்கள். பெரிய ரோலர் அதற்கு அப்பால்.

இவ்வளவு செய்தும் கணக்கில் போதவில்லை என்றால் பின்னால் நங்கூரம் வேண்டும்: சுவரின் மேல்பகுதியில் குறுக்கே இரட்டை இரும்புச் சேனல், அதிலிருந்து இழுவைக் கம்பி, பின்னால் புதைத்த கான்கிரீட் கட்டை. கட்டை சுவருக்குப் பக்கத்தில் இருந்தால் பயனில்லை. பைலின் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சரியக்கூடிய மண் ஆப்பும், கட்டைக்கு முன்னால் எதிர்த்து நிற்கும் மண் ஆப்பும் ஒன்றையொன்று தொடாத தூரம் வேண்டும். இடம் இல்லாத மனைகளில் இந்த வழியே அடைபட்டுவிடுகிறது. உங்கள் வீடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: பைல் ஒவ்வொன்றாக மாட்டி அடித்துக்கொண்டே போகிறோம். பத்து, பதினைந்து தாண்டியதும் வரிசை முழுக்க முன்னோக்கிச் சாய்கிறது. ரசமட்டம் வைத்துத்தான் அடிக்கிறோம். – தள மேற்பார்வையாளர், திருமங்கலம்

பதில்: ஒவ்வொன்றாக முழு ஆழத்துக்கு அடிப்பதே காரணம். அடிக்கும் பைலின் ஒரு விளிம்பு, ஏற்கெனவே இறங்கிய பைலின் கொக்கியில் உரசுகிறது; மறு விளிம்பு சுதந்திரமாக இருக்கிறது. உரசும் பக்கம் தாமதிக்க, சுதந்திரப் பக்கம் முந்த, தலை வேலை போகும் திசையில் சாய்கிறது. பைலுக்குப் பைல் கொஞ்சம்தான். ஆனால் சேர்ந்துகொண்டே போகும்.

வழிகாட்டிச் சட்டம் இல்லாமல் தொடங்காதீர்கள். இரண்டு பக்கமும் ஐ-பீம், இரண்டு மட்டத்தில்: ஒன்று தரையிலிருந்து அரை மீட்டரில், மற்றது 2, 3 மீட்டர் உயரத்தில். பீம்களுக்கு நடுவே பைலின் மடிப்பு ஆழத்தைவிட 10 முதல் 20 மி.மீ. மட்டும் இடைவெளி. சட்டம் ஆடினால் பைலும் ஆடும். ஆகவே அதைத் தனி முளைகளில் பற்றவைத்து நிறுத்துங்கள். சேற்றில் இயந்திரம் நிற்க 300 முதல் 500 மி.மீ. சரளை மேடையும் இரும்புத் தகடும் தேவை. இயந்திரம் ஒரு பக்கம் இறங்கினால் நீங்கள் எந்த மட்டத்தைப் பார்த்தும் பயனில்லை.

முதல் பைலுக்கு நேரம் கொடுங்கள். தூக்குக்குண்டு வைத்து இரண்டு திசையிலும் பாருங்கள். 100க்கு 1க்கு மேல் சாய்வு இருந்தால் பிடுங்கித் திரும்ப நடுங்கள். அதன் பிறகு 10, 12 பைல்களைச் சட்டத்துக்குள் மாட்டி நிறுத்திவிட்டு அடிக்கத் தொடங்க வேண்டும். முதலில் வரிசையின் இரு கோடிப் பைல்களையும் பாதி ஆழம், பிறகு நடுவில் உள்ளவை, மறுபடி கோடிகள் என்று படிப்படியாக. பக்கத்துப் பைல்களுக்குள் 2 மீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் வரவிடாதீர்கள். கடைசிப் பைலை முழுசாக இறக்காமல் விட்டு, அடுத்த வரிசையை அதில் மாட்டுங்கள்.

மாட்டுவதற்கு முன் கொக்கிக் குழியைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து கிரீஸ் தடவுங்கள். வெறுமையாக இருக்கும் முன்பக்கக் கொக்கியின் அடிவாயில் ஒரு போல்ட்டைச் செருகிவிட்டால் மண்ணும் கல்லும் ஏறாது. அடுத்த பைல் இறங்கும்போது அதுவே தள்ளிவிடும். சின்ன வேலைதான். செய்கிறவர்கள் குறைவு.

ஏற்கெனவே சாய்ந்ததைச் சரிசெய்ய, அடிக்கும்போதே எதிர்த்திசையில் கம்பிக்கயிற்றால் இழுத்துப் பாருங்கள். சாய்வு அதிகமாகிவிட்டால் அடி ஒரு அகலமும் தலை வேறு அகலமுமாக வெட்டி ஒட்டிய ஆப்புப் பைல் ஒன்றைச் சேர்த்து வரிசையை நிமிர்த்த வேண்டும். வளைவான கரை என்றால் ஒரு மூட்டில் சுமார் 5 பாகை வரைதான் திருப்பலாம். அதற்கு மேல் மூலைப் பைல் வாங்குங்கள்.

இரண்டு அறிகுறிகளைக் கவனியுங்கள். அடிக்கும் பைல் திடீரென்று வழுக்கிக்கொண்டு இறங்கினால் கொக்கி பிரிந்திருக்கலாம். அதைப் பிடுங்கிப் பாருங்கள், அங்கே மண் ஒழுகும் சந்து உருவாகியிருக்கும். பக்கத்தில் முடிந்த பைல் கூடவே இறங்கினால் மூட்டு இறுகிவிட்டது. முடிந்தவற்றை ஒன்றோடொன்று தலைப்பகுதியில் பற்றவைத்துவிட்டு அடியுங்கள்.

கேள்வி: வைப்ரோவுக்குப் பதில் ஹிட்டாச்சி வாளியால் அமுக்கி இறக்கலாம் என்கிறார்களே? – வாசகர், உசிலம்பட்டி

பதில்: இடுப்பளவு சேற்றில் 3 மீட்டர்ப் பைலுக்கு நடக்கும். அதற்கு மேல் தலை நசுங்கும், பைல் கோணும். மணலில் வைப்ரோ நன்றாக வேலை செய்யும். அதிர்வில் மணல் தளர்ந்து வழிவிடும். கெட்டிக் களியில் அது திணறும், சுத்தியல் வகை தேவைப்படும். 20 மீட்டருக்குள் பழைய மண்சுவர் வீடு இருந்தால் தொடங்கும் முன் விரிசல்களைப் புகைப்படம் எடுத்து, தேதி எழுதி, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எண்ணெய் அழுத்தத்தில் சத்தமில்லாமல் அமுக்கும் இயந்திரம் உண்டு. வாடகையைக் கேட்டால் சின்ன வேலைக்கு யாரும் தொட மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்து வாய்க்காலில் ஓடுவது முழுக்கச் சாக்கடை. இரும்பு எத்தனை வருடம் தாங்கும்? லேத் பட்டறையில் 6 மி.மீ. தகட்டை மடித்துத் தருகிறேன் என்கிறார்கள், விலையும் பாதி. – வாசகர், செல்லூர்

பதில்: வடிவமைப்புக்கு ஐரோப்பிய விதிநூல் தரும் எண்கள் கைவசம் உள்ளன. நல்ல தண்ணீரில், நீர்மட்டக் கோட்டில், ஒரு முகத்தில் 25 ஆண்டில் 0.55 மி.மீ., 50 ஆண்டில் 0.9 மி.மீ. அரிக்கும். சாக்கடை, ஆலைக் கழிவு கலந்த தண்ணீரில் அதே 25 ஆண்டில் 1.3, 50 ஆண்டில் 2.3. கலையாத இயற்கை மண்ணைத் தொடும் முகத்தில் 50 ஆண்டுக்கு 0.6.

உங்கள் வாய்க்காலுக்கு இரண்டு முகமும் சேர்த்து 50 ஆண்டில் சுமார் 2.9 மி.மீ. ஆலையில் உருட்டித் தயாரித்த, 13 மி.மீ. கனமுள்ள பைலில் அது தாங்கக்கூடிய இழப்பு. 6 மி.மீ. தகட்டில் பாதி போய்விடும். தவிர, பட்டறையில் மடித்த கொக்கி ஒன்றையொன்று இறுகப் பிடிக்காது, அடிக்கும்போது பிரியும். சில மாதங்களுக்கான தற்காலிகத் தடுப்புக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

வண்ணம் பூசுவது நீர்மட்டக் கோட்டைச் சுற்றித்தான் உதவும்: தலையிலிருந்து, நீர் மிகக் குறையும் மட்டத்துக்குக் கீழே 1 மீட்டர் வரை கோல்தார் எப்பாக்ஸி, அடிப்பதற்கு முன்பே. பிவிசி ஷீட் பைலும் வருகிறது, துருவே இல்லை. ஆனால் ஒன்றரை மீட்டர் தாண்டிய உயரத்துக்கு வளைந்துகொடுக்கும், சுக்கானில் இறங்காது.

கேள்வி: 30 மீட்டர் சுவர், 9 மீட்டர் நீளப் பைல் என்று முடிவாகிவிட்டது. இரும்பு எத்தனை டன் வரும்? – வாசகர், வாடிப்பட்டி

பதில்: 400 மி.மீ. அகல யு-பைல், 125 மி.மீ. மடிப்பு, 13 மி.மீ. கனம் என்றால் ஒரு மீட்டர் நீளம் 60 கிலோ. 30 மீட்டருக்கு 75 பைல்கள், ஒன்று 540 கிலோ, மொத்தம் 40.5 டன். இதற்கு ஒரு படி கீழே 100 மி.மீ. மடிப்புப் பைல் மீட்டருக்கு 48 கிலோ. ஒரு படி மேலே 170 மி.மீ. மடிப்பு 76 கிலோ. எடையை மட்டும் பார்த்துக் குறைத்துவிடாதீர்கள். 125 மி.மீ. பைலைவிட 170 மி.மீ. பைல் எடையில் கால் பங்குதான் கூடுதல் என்றாலும், வளைவைத் தாங்கும் திறன் ஒன்றரை மடங்குக்கும் மேல் இருக்கும். மூலைகளையும் இரண்டு, மூன்று உதிரிப் பைல்களையும் சேர்த்து ஆர்டர் கொடுங்கள். பழைய பைல் வாங்கினால் ஒவ்வொன்றின் கொக்கியிலும் அரை மீட்டர்த் துண்டுப் பைலை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். எங்கே சிக்குகிறதோ அந்தப் பைல் வேண்டாம்.

கேள்வி: சுவர் முடிந்து இரண்டு ஆண்டு ஆகிறது, நன்றாக நிற்கிறது. இப்போது கண்மாய் தூர்வாரப்போகிறார்கள். எங்களுக்கு ஏதும் பாதிப்பு வருமா? – வாசகர், கருமாத்தூர்

பதில்: வரும். சுவருக்கு முன்னால் எடுக்கும் ஒவ்வொரு அடி மண்ணும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது: சுவர் உயரத்தைக் கூட்டுகிறது, பிடிமான ஆழத்தைக் குறைக்கிறது. முறையாக வடிவமைத்திருந்தால் உயரத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் அரை மீட்டர், கூடுதலாகத் தோண்டப்படும் என்று கணக்கில் எடுத்திருப்பார்கள். 3 மீட்டர் சுவருக்கு அது ஓரடிதான். தூர்வாரும் இயந்திரம் ஓரடியில் நிற்காது.

வடிவமைப்பில் எடுத்த தரைமட்டத்தைச் சுவரிலேயே சிவப்பு வண்ணத்தில் கோடாக இழுத்து, 5 மீட்டருக்கு ஒரு இடத்தில் எழுதிவையுங்கள். வேலை தொடங்கும் முன் நீர்வளத்துறை உதவிப் பொறியாளரிடம் வரைபட நகலோடு மனு கொடுத்து, சுவரிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளியே தோண்ட வேண்டும், அங்கிருந்தும் சரிவாகத்தான் இறங்க வேண்டும் என்று கேளுங்கள். வண்டல் அள்ள வரும் டிராக்டர்காரர்களுக்கு மனுவெல்லாம் தெரியாது. 3 மீட்டர்க் கோட்டில் முளை அடித்துக் கயிறு கட்டிவிடுங்கள். மண் எடுத்து முடிந்த அன்றே சிவப்புக் கோட்டிலிருந்து தரை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஓரடிக்கு மேல் என்றால், தண்ணீர் வருவதற்குள் அங்கே உடைகல் கொட்டி மட்டத்தைத் திரும்ப உயர்த்த வேண்டும்.